எதிர்க்கட்சி தலைவர புகழ்ந்தா நல்ல திட்டம் நிக்குமா? நம்மூர்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

மதுரை கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனுநாள்னா தெருக்காரங்களோட சேந்து மனு எழுதிக் குடுக்குற வேலையில நானும் இருக்கேன். அங்க வரிசையில நிக்கும்போதும், சிம்மக்கல் பக்கம் டீ குடிக்கும்போதும் அரசியல் பேச்சு வராம இருக்காது. ஒருத்தர் இன்னொரு கட்சித் தலைவரப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டாப் போதும், "விலை போயிட்டான்யா"ங்குறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில இங்க எழுதி வைக்கிறேன்.

எதிர்க்கட்சி தலைவர புகழ்றதுன்னா எதச் சொல்றீங்க? கல்யாண வீட்டு மேடையில ஒருத்தர ஒருத்தர் பாராட்டிக்கிறாங்களே, அதா?

அது மரியாதை, அது வேற. நான் சொல்றது ஒரு வேலைய முடிக்கிறதுக்காகப் புகழ்றது. படிப்பு, சோறு, வைத்தியம், இடஒதுக்கீடு மாதிரி ஏழைபாழைக்குப் பயன்படுற ஒரு திட்டத்த ஒரு கட்சி கொண்டுவருது, அத எதிர்ப்பக்கத்து ஆளுங்களும் ஏத்துக்கணும்னு, அவங்க கும்புடுற தலைவர் பேரையே எடுத்து, "இது அவர் போட்ட பாதை, நாங்க அடுத்த அடி வைக்கிறோம்"னு சொல்றது. நம்மூர்லயே இருக்கு உதாரணம். புது நத்தம் ரோட்ல கலைஞர் நூற்றாண்டு நூலகத்த முதல்வரா இருந்த ஸ்டாலின் திறந்தது 2023 ஜூலை 15. அது காமராஜர் பிறந்தநாள். அந்த நாள கல்வி வளர்ச்சி நாள்னு 2006ல அறிவிச்சது யாருன்னா, காமராஜரோட அத்தனை வருஷம் அரசியல்ல மல்லுக்கட்டுன கலைஞர். நூலகத்துக்குப் பேரு கலைஞர் பேரு, திறந்த நாள் காமராஜர் நாள். இப்படி ரெண்டையும் சேத்து வைக்கிறதத்தான் சொல்றேன்.

இதுனால யாருக்கு என்ன லாபம்?

தொண்டன் மனச முதல்ல பாருங்க. "உங்க தலைவர் செஞ்சது மண்ணு, நாங்க செய்யுறதுதான் பொன்னு"னு நீங்க ஆரம்பிச்சா, திட்டம் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அவன் காது அடைச்சுக்கும், அவனுக்கு அது திட்டத்தப் பத்தின பேச்சாத் தெரியாது, அவன் வீட்டுப் பெரியவர வையுற மாதிரித்தான் தெரியும். அவன் தலைவர் பேர மரியாதையா எடுத்துட்டா பாதி சண்டை அங்கயே ஓஞ்சுரும். அடுத்தது, எதிர்க்கட்சி எம்எல்ஏ சட்டசபையில எந்திரிச்சு எதிர்த்துப் பேசுறது கஷ்டமாயிரும், எதிர்த்தா சொந்தத் தலைவரையே எதிர்த்த மாதிரி ஆயிரும்ல.

ஆனா நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது ஆட்சி மாறுற அன்னைக்கு என்ன நடக்குதுங்கிறதத்தான். நம்ம மாநிலத்துல அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க மாறுறது சகஜம், வர்றவங்க முதல்ல கைய வைக்கிறது போனவங்க பேர் எழுதுன போர்டு மேல. அந்த போர்டுலயே வர்றவங்களுக்கும் ஒரு பங்கு இருந்தா கை வைக்கத் தயங்குவாங்க. திட்டம் மூணு ஆட்சி, நாலு ஆட்சி தாண்டுச்சுன்னா அதுக்கப்புறம் அது யாரோட திட்டமும் இல்ல, பிள்ளைகளோட உரிமை ஆயிரும்.

சும்மா வாயால சொல்றீங்க. அப்படி நாலு ஆட்சி தாண்டுன திட்டம் ஒண்ணு காட்டுங்க?

பள்ளிக்கூடத்துச் சோறு. இத விட நல்ல உதாரணம் இந்தியாவுலயே கிடைக்காதுன்னு நினைக்கிறேன், அதுனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

1920ல சென்னை மாநகராட்சியில நீதிக்கட்சி தியாகராயர் தலைவரா இருந்தப்ப ஆயிரம் விளக்கு பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பிச்சாங்க. பல வருஷம் கழிச்சு 1956ல எட்டயபுரத்துல மதிய உணவ ஆரம்பிச்சு மாநிலம் பூரா பரப்பினது காமராஜர், அவர் நீதிக்கட்சிக்கு நேர் எதிரான காங்கிரஸ். அவருக்குக் கூடமாட நின்னு ஊர் ஊரா அலைஞ்சு நடத்திக் காட்டுன கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு, பெரியார் கருத்துல ஊறுன மனுஷன். பாருங்க, அப்பவே கொள்கை வேற வேற, வேலை ஒண்ணு.

1982 ஜூலை 1ல எம்ஜிஆர் சத்துணவுத் திட்டத்த பெருசாக் கொண்டுவந்தார். கஜானா காலியாயிரும்னு அப்ப சொல்லாத ஆள் இல்ல. 1989ல கலைஞர் ஆட்சிக்கு வந்தார், எம்ஜிஆரோட அவருக்கு இருந்த சண்டை ஊருக்கே தெரியும், நினைச்சிருந்தா பேர மாத்தியிருக்கலாம், ஓட்டையக் காட்டி நிறுத்தியிருக்கலாம். அவர் என்ன செஞ்சார்னா அந்தச் சோத்துல முட்டைய வச்சார். முதல்ல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, கூடிக் கூடி 2010ல வாரத்துக்கு அஞ்சு. ஜெயலலிதா வந்து கலவை சாதம், மசாலா முட்டைன்னு ருசியாக்கினாங்க, முட்டைய நிறுத்தல. இன்னைக்கும் அரசாங்கக் காகிதத்துல அதுக்குப் பேரு புரட்சித்தலைவர் எம்ஜிஆர் சத்துணவுத் திட்டம்தான், திமுக எத்தன தடவ வந்துபோனாலும் அந்தப் பேர் அப்படியே இருக்கு.

அப்புறம் நம்மூருக்கு வர்றேன். 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப்பள்ளியில ஸ்டாலின் ஆட்சியோட காலை உணவுத் திட்டம் ஆரம்பமாச்சு. முதல் கட்டத்துல 1,545 பள்ளிக்கூடம், 1.14 லட்சம் பிள்ளைக, ஒதுக்கின பணம் 33.56 கோடி. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு கிழமைக்கு ஒண்ணு, கூட காய் போட்ட சாம்பார். நெல்பேட்டை பக்கம் இருக்குறவங்களுக்குத் தெரியும், விடிகாலையிலயே மூட்டை தூக்க, மீன் விக்கன்னு அப்பா அம்மா ரெண்டு பேரும் கெளம்பிருவாங்க, பிள்ளை வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் போகும், பத்தரை மணிக்கெல்லாம் தலை சாஞ்சுரும். அந்த வயித்துக்குத்தான் இது. ஆரம்பிக்கும்போதே நீதிக்கட்சி, காமராஜர், எம்ஜிஆர்னு முந்தினவங்க வரிசையச் சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. அரசு உதவி பெறுற கிராமப்புறப் பள்ளிகளுக்கு விரிவாக்குன நாளும் 2024 ஜூலை 15, மறுபடி காமராஜர் பிறந்தநாள்.

எங்க தெருவுல ஒரு பெரியப்பா, எம்ஜிஆர் மன்றத்துல ஆயுசு பூரா இருந்தவர், இரட்டை இலை தவிர எதுக்கும் ஓட்டுப் போடாதவர். பேத்தி பள்ளிக்கூடத்துல கிச்சடி சாப்பிட்டு வந்த அன்னைக்கு அவர்கிட்ட கேட்டேன், "என்ன பெரியப்பா, எப்படி இருக்கு திட்டம்?" அவர் சொன்னது, "தலைவர் மதியத்துக்குப் போட்டார்ப்பா, இவுக காலையிலயும் போடுறாக, நல்லாருக்கட்டும்." இந்த "நல்லாருக்கட்டும்" சும்மா வராது தம்பிகளா. அவர் தலைவருக்கு உரிய இடத்தக் குடுத்ததுனால வந்தது.

மதுரை சம்பந்தப்பட்டது வேற எதுவும் இருக்கா?

இருக்கு, ஆனா நம்மூர்ப் பிள்ளைகளே நிறையப் பேருக்குத் தெரியாது, அதுதான் மனசுக்குக் கஷ்டம். தியாகி சங்கரலிங்கனார். விருதுநகர் பக்கத்துக்காரர், காந்தியவாதி, பழைய காங்கிரஸ்காரர். சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் வைக்கணும்னு, கூடவே இன்னும் பல கோரிக்கைகளச் சேத்து, 1956 ஜூலை 27ல உண்ணாவிரதம் உக்காந்தார். ஆட்சியில இருந்தது அவர் ஊர்க்காரர் காமராஜரோட காங்கிரஸ். 76 நாள். கடைசியில மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாங்க, அக்டோபர் 13ல இங்கதான் உசுரு போச்சு, தத்தனேரி சுடுகாட்டுலதான் அடக்கம்.

அவரப் போய்ப் பார்த்தவங்கள்ல அண்ணாவும் ஒருத்தர். அண்ணா வேற கட்சி, இவர் வேற பாசறை. கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா ராஜ்யசபாவுல தமிழ்நாடு பேருக்காக மசோதா கொண்டுவந்தப்ப, 1963ல அண்ணா எந்திரிச்சு அதுக்கு ஆதரவாப் பேசினார், "இது எங்க கட்சி மசோதா இல்லையே"ன்னு ஒதுங்கல. 1967 ஜூலை 18ல அண்ணா முதலமைச்சரா சட்டசபையில தீர்மானம் கொண்டுவந்தப்ப எதிர்க்கட்சியா உக்காந்திருந்த காங்கிரசும் சேந்து ஏகமனதா நிறைவேறுச்சு. ஒரு காங்கிரஸ் வழி வந்த காந்தியவாதி உசுரக் குடுத்த கோரிக்கைய காங்கிரஸ்காரங்க எப்படி எதிர்ப்பாங்க? அண்ணா அந்தத் தியாகத்துக்கு மரியாதை குடுத்தார், "நாங்கதான் ஜெயிச்சோம்"னு நெஞ்ச நிமித்துனா தீர்மானம் அத்தன சுளுவா முடிஞ்சிருக்குமான்னு யோசிங்க. 1969 ஜனவரி 14ல இருந்து தமிழ்நாடு.

இதெல்லாம் ஓட்டுக்குத்தானே? தேர்தல் வந்தா எல்லாரும் எம்ஜிஆர் பேரச் சொல்றாங்களே?

சொல்றாங்க, உண்மைதான். 2024 பிப்ரவரியில பல்லடத்துல பிரதமர் மோடி எம்ஜிஆரையும் ஜெயலலிதாவையும் பாராட்டிப் பேசினார். 2025 ஆகஸ்ட்ல நம்ம பாரபத்தி மாநாட்டுல விஜய் எம்ஜிஆரையும் விஜயகாந்தையும் நினைச்சுப் பேசினார். காமராஜர உரிமை கொண்டாடாத கட்சி இன்னைக்கு ஏதாவது இருக்கா? யாரையும் குறை சொல்றதுக்காக இதச் சொல்லல, ஓட்டுக் கேக்குறது அவங்கவங்க உரிமை. ஆனா நான் கேட்டுப் பாக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, எந்தக் கட்சியா இருந்தாலும் அதேதான்: புகழ்ந்ததுக்குப் பின்னாடி என்ன வந்துச்சு? ஒரு அரசாணை வந்துச்சா, பட்ஜெட்ல பணம் வந்துச்சா, சட்டம் வந்துச்சா? அவர் செஞ்ச எந்த வேலையப் புகழ்றாங்கன்னு தெளிவாச் சொன்னாங்களா, இல்ல "மாபெரும் தலைவர்"னு மட்டும் சொல்லிட்டு மாலையப் போட்டுட்டுப் போனாங்களா? வேலையச் சொல்லிப் புகழ்ந்து, அதே வேலைக்குப் பணமும் ஒதுக்குனா அத நான் மனசார ஏத்துக்குவேன். மாலையோட நின்னா அது மாலைதான்.

எதிராளியப் புகழ்ந்தா சொந்தக் கட்சிக்காரங்க சும்மா விடுவாங்களா?

விட மாட்டாங்க. 1965ல எம்ஜிஆர் திமுகவுல இருந்துக்கிட்டே காமராஜர் பிறந்தநாள் விழாவுல காமராஜர தலைவர்னும் அண்ணாவ வழிகாட்டின்னும் சொல்லிட்டார், கட்சிக்குள்ள அதுக்கு எழுந்த சத்தம் கொஞ்சநஞ்சம் இல்ல. அதே எம்ஜிஆர் முதல்வர் ஆனப்புறம்தான் 1978ல நம்ம மதுரைப் பல்கலைக்கழகம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆச்சு. நாகமலை பக்கம் போறப்ப அந்த வளைவப் பார்த்தா எனக்கு இது ஞாபகம் வரும்.

2021 மே மாசம், ஆட்சி மாறுன கையோட சென்னை முகப்பேர்ல ஒரு அம்மா உணவகத்த திமுக ஆளுங்க சிலர் உடைச்சுப் பேனரக் கிழிச்சாங்க. ஸ்டாலின் அவங்களக் கட்சிய விட்டு நீக்கச் சொல்லி, போர்ட மறுபடி மாட்ட வச்சார். அதே வருஷம் ஜெயலலிதா, எடப்பாடி படம் போட்டு ஏற்கெனவே அடிச்சு வச்சிருந்த ஸ்கூல் பேக்க வீணாக்காம பிள்ளைகளுக்கு அப்படியே குடுங்கன்னாங்க, 13 கோடி மிச்சம்னு சட்டசபையில கல்வி அமைச்சர் சொன்னார். ஒரு ரூபா இட்லிக்கு வரிசையில நிக்குற மூட்டைத் தொழிலாளிக்கு போர்டுல யார் படம் இருந்தா என்ன, இட்லி சூடா இருக்கணும், நாளைக்கும் கடை திறந்திருக்கணும்.

கோவிச்சுக்குற தொண்டனுக்கும் ஒரு நியாயம் இருக்கு, அத நான் மறுக்கல. அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய் கட்சி வளத்தவன் அவன். அவனக் கூப்பிட்டு உக்கார வச்சு "இதுனால நம்ம திட்டம்தான் நிக்கும்"னு தலைவர் எடுத்துச் சொல்லணும், மேடையில திடீர்னு புகழ்ந்துட்டுப் போனா அவன் மனசு உடைஞ்சுரும்.

இடஒதுக்கீட்டுல இப்படி ஏதும் நடந்துருக்கா?

69 சதவீதமே அப்படிக் காப்பாத்துனதுதான். பிற்படுத்தப்பட்டோருக்கு 25ல இருந்து 31 ஆக்குனது கலைஞர், 50 ஆக்குனது எம்ஜிஆர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20ன்னு பிரிச்சுக் குடுத்தது மறுபடி கலைஞர். 50 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு 1992ல சுப்ரீம் கோர்ட் சொன்னதும் எல்லாம் ஆட்டம் கண்டுச்சு. அப்ப முதல்வர் ஜெயலலிதா. திராவிடர் கழகத் தலைவர் வீரமணி தனிச்சட்டம் போடுற வழியச் சொல்லிக் குடுத்தார், 1993ல சட்டம், 1994ல கோர்ட் சுளுவா கை வைக்க முடியாதபடி அரசியல் சாசனத்தோட ஒன்பதாவது அட்டவணையில சேந்துச்சு. "சமூகநீதி காத்த வீராங்கனை"ன்னு வீரமணி ஜெயலலிதாவுக்குப் பட்டம் குடுத்தப்ப எவ்வளவு பேர் திட்டுனாங்க! ஆனா அந்தச் சட்டத்துல டாக்டர் ஆன, இன்ஜினியர் ஆன பிள்ளைக உசிலம்பட்டியிலயும் மேலூர்லயும் திருமங்கலத்துலயும் தெருவுக்குத் தெரு இருக்காங்க.

செத்தவங்களத்தானே புகழ்றாங்க? உசுரோட இருக்கும்போது யாராச்சும் புகழ்ந்துருக்காங்களா?

இது நல்ல கேள்வி. உசுரோட இருக்குறவரப் புகழ்ந்தா அவர் அதயே வச்சு ஓட்டு வாங்கிருவாருங்கிற பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனா நடந்துருக்கு. 1954ல காமராஜர் முதல்வர் ஆகி குடியாத்தம் இடைத்தேர்தல்ல நின்னப்ப பெரியாரும் ஆதரிச்சார், அண்ணாவோட திமுகவும் ஆதரிச்சுச்சு. காரணம் தெளிவா இருந்துச்சு: அரை நாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழிலுங்கிற ராஜாஜி திட்டத்த காமராஜர் எடுத்துட்டார். பெரியார் அவரப் பச்சைத்தமிழர்னு ஊர் ஊராச் சொன்னார். பெரியாரே காங்கிரஸ எதிர்த்து வெளிய வந்தவர்ங்கிறத மறந்துறக்கூடாது.

அமெரிக்காவுல, மத்த ஊர்ல இப்படி உண்டா?

உண்டு, ரெண்டு மட்டும் சொல்றேன்.

1964 சிவில் உரிமைச் சட்டம். ஜனாதிபதி ஜான்சன் ஜனநாயகக் கட்சி, ஆனா தெற்கு மாநிலத்து அவர் கட்சி செனட்டர்களே கறுப்பின மக்களுக்கு உரிமை குடுக்கக்கூடாதுன்னு வாரக்கணக்கா பேசிப் பேசியே மசோதாவ முடக்குனாங்க. குடியரசுக் கட்சித் தலைவர் டிர்க்சன் இல்லாம முடியாதுன்னு ஜான்சனுக்குப் புரிஞ்சது, தன் ஆளான ஹம்ப்ரிகிட்ட, டிர்க்சன்கூடவே இரு, பேரும் புகழும் அவருக்கே போகட்டும்னு சொல்லி விட்டார். ஜூன் 10ல முடக்கத்த உடைக்க 71 ஓட்டு, எதிர்த்து 29. அந்த 71ல 27 பேர் குடியரசுக் கட்சி. புகழ விட்டுக் குடுத்தார், சட்டத்த வாங்கிட்டார்.

அடுத்தது ஒபாமா. கோடீஸ்வரங்க தன் வருமானத்துல குறைஞ்சது 30 சதவீதமாவது வரி கட்டணும்னு அவர் பேசுனப்ப, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியோட பழைய ஜனாதிபதி ரீகன் பேரையே எடுத்தார். பஸ் டிரைவர விட கோடீஸ்வரர் கம்மியா வரி கட்டலாமான்னு 1985ல ரீகன் ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டிருந்தார், அதச் சொல்லி, வேணும்னா இதுக்கு ரீகன் விதின்னே பேர் வைங்கன்னு 2012 ஏப்ரல்ல ஒபாமா சொன்னார். அஞ்சு நாள்ல செனட்ல 51க்கு 45னு வந்துச்சு, முடக்கத்தத் தாண்ட 60 வேணும், தோத்துப் போச்சு.

அப்ப ஏன் ஒருத்தருக்குப் பலிச்சது, ஒருத்தருக்குப் பலிக்கல?

என் கணிப்பச் சொல்றேன். ஜான்சன் புகழ்ந்தது எதிர்ல உக்காந்திருக்குற ஆள, கையில ஓட்டு வச்சிருக்குறவர, அவர் சொன்ன திருத்தத்தயும் மசோதாவுல சேத்து உண்மையிலயே பங்கு குடுத்துப் புகழ்ந்தாங்க. ஒபாமா புகழ்ந்தது எப்பவோ போயிட்ட தலைவர, எதிர்ல இருந்தவங்களுக்கு அதுல கிடைக்க எதுவும் இல்ல, மாட்டிவிடப் பாக்குறார்னுதான் தோணியிருக்கும். வெறும் பேர மட்டும் கடன் வாங்குனா வேலைக்கு ஆகாது, பங்கும் குடுக்கணும்.

பழைய தப்பெல்லாம் மறைஞ்சு போகாதா? 65ல துப்பாக்கிச் சூட்டுல செத்தவங்கள மறந்துட்டு காங்கிரசப் புகழணுமா?

மறக்கக்கூடாது. ஒரு மனுஷன் செஞ்ச ஒரு வேலையப் புகழ்றதுக்காக அவர் கட்சி செஞ்ச எல்லாத்தயும் கழுவி விட வேண்டியதில்ல. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தோட சூட்டுலதான் 1967ல காமராஜரையே விருதுநகர்ல ஒரு மாணவர் தலைவர நிறுத்தி திமுக தோக்கடிச்சுச்சு. அதே கட்சியோட ஆட்சிதான் 1975ல அவர் இறந்தப்ப அரசு மரியாதையோட அடக்கம் பண்ணி கிண்டியில நினைவிடத்துக்கு இடமும் குடுத்துச்சு. எதிர்த்ததும் நிஜம், மதிச்சதும் நிஜம். ரெண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க.

பேர மாத்திட்டா திட்டம் செத்துருமா?

எப்பவும் இல்ல. 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துச்சு, 2012ல ஜெயலலிதா அத மாத்தி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு கொண்டுவந்தாங்க, தொகையும் கூடுச்சு. அடுத்து வந்த ஆட்சியும் அந்தப் பேரயே வச்சுக்கிச்சு. முதலமைச்சர்ங்கிறது யாருக்கும் பொதுப் பேரு, அது ஒரு நல்ல வழி. ஆனா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்த 2011ல குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆக்கப்போறோம்னு கிளம்புனாங்களே, கோர்ட் தலையிட்டுத்தான் நின்னுச்சு. ஆஸ்பத்திரியும் வேணும்தான், ஆனா படிக்கிற இடத்தக் காலி பண்ணி எதுக்கு?

எங்க வார்டு கவுன்சிலர் வேற கட்சி. ரேஷன் கடை, அங்கன்வாடி கட்டடம் கேட்டு மனு குடுக்கணும். இந்த யோசனை எங்களுக்கு உதவுமா?

உதவும், நாங்க அப்படித்தான் எழுதுறோம். அந்தக் கவுன்சிலரோ அவர் கட்சியோ இதே வார்டுல முன்ன செஞ்ச ஒரு வேலையத் தேடிக் கண்டுபிடிங்க, சாக்கடை மூடி போட்டதா இருந்தாலும் சரி. மனுவோட முதல் பத்தியில அந்த வேலைய வருஷத்தோட, இடத்தோட எழுதி நன்றி சொல்லுங்க. செய்யாதத செஞ்சதா எழுதாதீங்க, படிக்கிற ஆபீசருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரெண்டாவது பத்தியில அங்கன்வாடியில எத்தன பிள்ளைக, ஓடு எங்க ஒழுகுது, மழைக்கு எங்க உக்கார வைக்கிறாங்கன்னு போட்டோவோட வைங்க. கையெழுத்து வாங்கும்போது எல்லாக் கட்சிக்காரங்க வீட்டுக்கும் போங்க, முதல் கையெழுத்த அவர் கட்சி ஆள்கிட்டயே வாங்குங்க. வேலை முடிஞ்சு திறப்பு விழா வந்தா ரிப்பன அவரே வெட்டட்டும், போட்டோவுல நடுவுல அவரே நிக்கட்டும், நீங்க கட்டடத்துக்குள்ள போய் தண்ணிக் குழாய் வருதா, கக்கூஸ் கதவு தாப்பாள் விழுதான்னு பார்த்துக்கோங்க.